மட்டக்குதிரைக்கு வரும் குஷிங் நோய்



இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளில் சிறுவர்கள் சவாரி பழகுவது பெரும்பாலும் மட்டக்குதிரையில்தான். நன்கு பராமரித்தால் அது 30 வயது வரையிலும் வாழக்கூடும். குளிர்காலத்தில் அடர்ந்து வளரும் அதன் உரோமம், கோடை வரும்போது உதிர்ந்துவிட வேண்டும். ஆனால் 15 வயதைத் தாண்டிய சில குதிரைகளுக்கு உரோமம் உதிராமல் நீண்டு சுருண்டுகொள்கிறது. முதுகுத் தசை கரைந்து, வயிறு தொங்குகிறது. தண்ணீர் அதிகம் குடிக்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவோர் உண்டு. ஆனால் இது முதுமையன்று, நோய்.

மனிதருக்கு வரும் இத்தகைய நோயை 1932ஆம் ஆண்டில் விளக்கி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயரே இதற்கும் வழங்குகிறது. மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி இருக்கிறது. அதன் ஒரு பகுதியை அடக்கி வைக்கும் நரம்புகள் நலிந்தால், அப்பகுதி வீங்கி, அளவுக்கு மீறிச் சுரக்கிறது. மிருக வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து இதனைக் கண்டறிவார்.

நாம் மிகவும் அஞ்ச வேண்டியது குளம்பு வீக்கத்தையே. நகமும் சதையும் போல் ஒட்டியிருக்கும் குளம்பும் எலும்பும் பிடி தளர்ந்து பிரியத் தொடங்கும். குளம்பு சுடும், குதிரை திரும்பத் தயங்கும், முன்கால்களில் பாரம் தாங்காமல் பின்னே சாய்ந்து நிற்கும். முற்றினால் எழுந்து நிற்கவும் இயலாது. ஆகவே இவ்வடையாளங்களைக் கண்டவுடன் சவாரியை நிறுத்தி வைத்தியரை அழைக்க வேண்டும்.

இந்நோய் முற்றாகத் தீராது, ஆனால் கட்டுப்படும். மனிதரின் நடுக்குவாதத்துக்கென முதலில் பயன்பட்ட பெர்கோலைடு மாத்திரையை ஆயுள் முழுவதும் நாள்தோறும் கொடுக்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர் உணவில் கவனமாக இருப்பதுபோல, இதற்கும் சர்க்கரையும் மாவுச் சத்தும் குறைந்த தீனியே ஏற்றது. தளதளவென்ற இளம்புல்லில் மேயவிடலாகாது. உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை குறையும். அதிகம் குடிக்கிறதே என்று தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. நீண்ட உரோமத்தைக் கத்தரித்துவிட்டால் வியர்வைத் தொல்லை நீங்கும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒரு முறை லாடக்காரர் குளம்பைச் செதுக்க வேண்டும். பல்லையும் குடற்புழுவையும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் சவாரி செய்யலாமா? குளம்பில் வலியில்லாமல், வைத்தியரும் அனுமதித்தால் தாராளமாகச் செய்யலாம். அளவான நடை தசைக்கு நல்லது. முதலில் மிருதுவான தரையில், சிறிது நேரம் நடக்க மட்டும் விடவேண்டும். பிறகு படிப்படியாகக் கூட்டலாம். முதுகுத் தசை கரைந்திருப்பதால் பழைய சேணம் அழுத்திப் புண்ணாக்கும். அதனை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். வெயில் ஏறுமுன் சவாரியை முடித்துக்கொண்டு, வியர்வையைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். மூச்சு வாங்கினாலோ, நடை தயங்கினாலோ அன்றைக்கு ஓய்வுதான்.

நேயர்களே, நம் வீட்டில் ஆடு மாடு வளர்ப்போருக்கும் இதில் பாடம் உண்டு. வாயில்லாச் சீவன் தன் வலியைச் சொல்லாது. அதன் உரோமத்திலும் நடையிலும் மாறுதல் கண்டால், வயதின்மேல் பழி போடாமல் காரணத்தைத் தேடுவோம்.