ரேகையும் பட்டியலும்: அந்தரங்கம் பற்றிச் சில குறிப்புகள்

'எங்கிட்ட ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?' கணினி, செல்போன், கண்காணிப்பு என்று பேச்செடுத்தால் இயக்கத் தோழர்கள்கூட முதலில் சொல்வது இதைத்தான். இதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தரங்கம் என்ற சொல் நமக்குப் படுக்கையறையை, டைரியை, கள்ளத்தனத்தை ஞாபகப்படுத்துகிறது. அந்தரங்கத்தைக் காப்பது என்றாலே எதையோ மறைப்பது என்றாகிவிடுகிறது. பிரச்சினை அது இல்லை. நம்மைப் பற்றிய பட்டியலை யார் தயாரிக்கிறார்கள், அதை வைத்து நம்மை யாராக ஆக்குகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் 16 பேர் போலீசால் கொல்லப்பட்டார்கள். காரணம் ரேகை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. இன்ன சாதியில் பிறந்தவன் என்பதற்காகவே பெயரைப் பதிந்து, விரல்களை மையில் உருட்டி, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது. அந்த ஜனங்களிடம் ஒளிக்க என்ன ரகசியம் இருந்தது? ரேகை எல்லார் கையிலும்தான் இருக்கிறது. அவர்கள் மறுத்தது பட்டியலில் ஏறுவதை. பட்டியல் குற்றவாளியைக் குறித்துக்கொள்வதில்லை, உற்பத்தி செய்கிறது என்பது அவர்களுக்கு ஃபூக்கோவைப் படிக்காமலே தெரிந்திருந்தது.

இன்றைய பட்டியலுக்கு மை வேண்டாம், லத்தி வேண்டாம். 'அனுமதி' என்ற பொத்தானை நாமேதான் அழுத்துகிறோம். ஃபூக்கோ 1975இல் விவரித்த சிறைக் கோபுரத்தில், தான் பார்க்கப்படலாம் என்ற உணர்வே கைதியை ஒழுங்குபடுத்தியது. இங்கே அந்த உணர்வுகூட இல்லை. 1990இல் டெல்யூஸ் கட்டுப்பாட்டுச் சமூகம் என்றது இதைத்தான். அங்கே மதில் இல்லை, கையில் ஓர் அட்டை உண்டு. கதவு நமக்குத் திறக்குமா என்பதைக் கணினி தீர்மானிக்கும்.

'வாட்ஸப்பில் எல்லாம் பூட்டித்தானே போகிறது?' என்று கேட்கலாம். 2016 முதல் அப்படித்தான் போகிறது. ஆனால் பூட்டப்படுவது கடிதம், உறை அல்ல. யார், யாருக்கு, எப்போது, எத்தனை முறை என்பதெல்லாம் உறையின் மேல் இருப்பவை. இதை மெட்டாடேட்டா என்கிறார்கள். ஓர் எண்ணிலிருந்து ராத்திரி 11 மணிக்கு ஒரு வக்கீலுக்கும், 11.10க்கு ஒரு பத்திரிகையாளருக்கும், விடிகாலை 5 மணிக்கு மூன்று ஊர்களில் உள்ள ஐந்து பேருக்கும் அழைப்பு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வார்த்தை ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. ஏதோ நடக்கப்போகிறது என்பதும், யார் நடத்துகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014இல் பகிரங்கமாகச் சொன்னவர் அமெரிக்க உளவு அமைப்புகளின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன்.

அப்படியானால் பாதுகாப்பு எது? 2016இல் அமெரிக்காவில் ஒரு கணக்கின் விவரம் கேட்டு சிக்னல் செயலிக்குச் சம்மன் வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தேதிகள்: கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள். மற்றதை அவர்கள் சேர்த்துவைக்கவே இல்லை. சேகரிக்காததை யாரும் பிடுங்க முடியாது. பூட்டைவிட இதுதான் முக்கியமான பாடம். போனுக்குள்ளேயே உளவு மென்பொருள் புகுந்துவிட்டால் பூட்டு என்ன செய்யும்? 2019இல் பெகாசஸ் பற்றி இந்தியச் செயல்பாட்டாளர்கள், பத்திரிகையாளர்கள் சிலருக்கு வாட்ஸப்பே எச்சரிக்கை அனுப்ப வேண்டிவந்தது.

ஆகவே நம் கையில் இருப்பவற்றைச் செய்வோம். குழுச் செய்திகள் சில நாளில் தானாக அழியும்படி வைக்கலாம். பேக்கப்புக்குத் தனிப் பூட்டு உண்டு, நாமாகப் போட்டால்தான் விழும். தொடர்பு எண்களைக் கேட்கிற ஆப்புக்கு இல்லை என்று சொல்லலாம். ஏனென்றால் அந்த எண்கள் நம்முடையவை அல்ல. சாதி மீறிக் கல்யாணம் செய்து ஊரைவிட்டு வந்த பெண்ணின் எண் அதில் இருக்கும். கம்பெனிக்குத் தெரியாமல் சங்கம் கட்டுகிற தொழிலாளியின் எண் இருக்கும். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை என்கிறவர் அவர்களையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொடுக்கிறார். அந்தரங்கம் தனிச்சொத்து அல்ல, கூட்டுப் பொறுப்பு.

2017இல் புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக வந்த 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. இந்த விலக்கை எதிர்த்துப் பேச வேண்டும், எழுத வேண்டும். அதற்கு முன்னால் நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். அடுத்த கூட்டத்தில் பெயர், போன் நம்பர், முகவரி கேட்டுப் பதிவேட்டை நீட்டும்போது தயங்காமல் கேளுங்கள்: இது எதற்கு, யாரிடம் இருக்கும், எப்போது கிழிப்பீர்கள்?