யானையை எண்ணத் தெரிந்தால் போதுமா?

வால்பாறையில் யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு, பக்கத்தில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை. பொழுது சாய்ந்தபின் பேருந்தில் இறங்கி, தேயிலைக்கு நடுவே தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டை நோக்கி நடப்பவருக்கு, மூடுபனிக்குள் எதிரே தெரிவது பாறையா யானையா என்று எப்படித் தெரியும்?

காட்டுயிரியல் படிக்கும் மாணவருக்குச் சாணத்தை வைத்து யானைகளைக் கணக்கிடவும், கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டவும், தானியங்கிக் கேமரா வைக்கவும் கற்றுத்தருகிறோம். தேயிலைத் தொழிலாளி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், ரேஷன் அரிசி எங்கே அடுக்கப்படுகிறது என்று விசாரிக்கக் கற்றுத்தருவது குறைவு. ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் யானை உடைப்பது அங்குள்ள அரிசிக்கும் உப்புக்கும்தான். ஆகவே இவையும் யானையைப் பற்றிய பாடமே.

வால்பாறை சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம் காடுகள். 1890-களில் தொடங்கி ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் மழைக்காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள்; சமவெளியிலிருந்து கூலிக்கு ஆட்களைக் கொண்டுவந்தார்கள். யானை பழைய தடத்திலேயே நடக்கிறது. அந்தத் தடத்தில் குடிவைக்கப்பட்டவர்களின் வாரிசுகளைப் பார்த்து, ‘காட்டை ஆக்கிரமித்தவர்கள்’ என்பது அநியாயம். இந்த வரலாறு தெரியாமல் ஊருக்குள் போகும் ஆய்வாளரிடம் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவரது குழுவினரும் இந்த மக்களிடமிருந்துதான் தொடங்கினார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது உயிர் போனது என்று ஒவ்வொரு இறப்பையும் விசாரித்தார்கள். யானை இருக்குமிடம் முன்கூட்டித் தெரிந்தாலே பல உயிர்கள் தப்பும் என்று புரிந்தது. உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி ஓடியது. 2011 முதல் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போனது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரல் அழைப்பு. கைபேசியே இல்லாதவருக்கு, தூரத்திலிருந்தே தெரியும்படி உயரத்தில் ஒரு சிவப்பு விளக்கு. யானை வந்தால் உள்ளூர்க்காரர்களே கைபேசியில் அழைத்து அதை எரியவிடலாம். இந்தப் பணிக்காக 2015-இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

விருதைவிட, யாருக்குச் செய்தி எட்டவில்லை என்று படிப்படியாகத் தேடிப்போனதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வகுப்பறையில் பழக்க வேண்டியது அந்தத் தேடலைத்தான். இன்று தோட்டங்களில் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். யானைக்காட்டில் எப்படி நடமாடுவது என்று அவர்களுக்கு வந்த முதல் வாரமே, அவர்கள் மொழியிலேயே, யார் சொல்வது? அங்கே களப்பணிக்குப் போகும் மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டிய அடுத்த ஆய்வுக் கேள்வி இது.