உங்களுக்குத் தெரியுமா? பகடையில் மறுபடி ஓடும் 1871

◆ திருகோணமலையின் பழைய எஸ்பிளனேட் மயானத்தில் சார்ள்ஸ் ஒஸ்ரின் என்ற பிரித்தானியக் கடற்படைத் தளபதியின் கல்லறை இருக்கிறது. இரண்டாம் பர்மியப் போரின்போது, 1852 ஒக்டோபரில், ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே இறந்தவர். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் ஒரே தம்பி. கல்லறையைத் தேடி வரும் வெளிநாட்டவர் பலருக்கு இவ்வளவு தெரிந்திருக்கும். அக்காவின் ‘நோர்த்தாங்கர் அபே’ நாவலின் முதல் அத்தியாயத்தில், கதாநாயகி பதினான்கு வயதில் புத்தகத்தை விட்டுவிட்டு விரும்பி ஆடிய விளையாட்டுகளில் கிரிக்கெட்டோடு பேஸ்போலும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1790களின் கடைசியில் எழுதப்பட்டு, 1817 டிசெம்பரில் வெளிவந்த நாவல் அது.

◆ அந்த ஒரு வரி பின்னாளில் ஒரு பெரிய கட்டுக்கதையை உடைக்க உதவியது. பேஸ்போலை 1839இல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் அப்னர் டபிள்டே என்பவரே கண்டுபிடித்தார் என்று அமெரிக்காவில் ஓர் ஆணைக்குழு 1907இல் தீர்ப்பளித்தது. ஆட்டம் தங்கள் மண்ணிலேயே பிறந்ததாக இருக்கவேண்டும் என்ற ஆசைதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. 1839க்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சிறுமி ஒருத்தி நாவலில் அதை ஆடிக்கொண்டிருந்தாள். அந்த நாவலாசிரியையின் தம்பி எங்கள் ஊர் மண்ணில் உறங்குகிறார்.

◆ ஆணைக்குழுவுக்குப் பின்னால் நின்றவர் அல்பேர்ட் ஸ்போல்டிங். பந்துவீச்சாளராகப் பெயரெடுத்து, பிறகு விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர். இவர் இலங்கைக்கு வந்திருக்கிறார். 1888 ஒக்டோபரில் இரண்டு தொழில்முறை அணிகளைக் கூட்டிக்கொண்டு சிக்காகோவிலிருந்து புறப்பட்டு, ஹவாய், நியூசிலாந்து, அவுஸ்திரேலியா கடந்து, 1889 ஜனவரி கடைசியில் கொழும்பில் இறங்கினார். கப்பலைப் பிடிக்கும் அவசரத்தில் சிக்காகோ வைட் ஸ்டொக்கிங்ஸ் அணியும் ஓல் அமெரிக்கா அணியும் ஐந்து இன்னிங்ஸ் மட்டும் ஆடின. 3–3 என்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த மாதம் அவர்கள் எகிப்தின் பிரமிட்டுகளுக்குப் பக்கத்து மணலில் ஆடினார்கள்.

◆ வீரர்கள் கடலில் இருந்த வேளையில் முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. வீரர்களை ஐந்து தரமாகப் பிரித்து, அதிஉயர் சம்பளம் 2,500 டொலர், கீழ்த்தரத்துக்கு 1,500 டொலர் என்று ஒரு திட்டத்தை நிறைவேற்றினார்கள். ஓல் அமெரிக்கா அணியின் தலைவர் ஜோன் மொன்ட்கொமரி வோர்ட் சட்டம் படித்தவர்; வீரர்களின் சங்கத்துக்கும் தலைவர். சுற்றுலா முடியும் முன்பே ஊர் திரும்பினார். 1890இல் அவருடைய தலைமையில் வீரர்கள் தங்களுக்கென்று தனி லீக்கே தொடங்கிவிட்டார்கள். அது ஓராண்டுதான் நிலைத்தது.

◆ இனி 1871. உலகில் முதன்முதலாக ஒரு தொழில்முறை பேஸ்போல் லீக் நடந்த ஆண்டு. கொழும்பு வந்த கூட்டத்தில் ஸ்போல்டிங் அந்த ஆண்டு பொஸ்டனுக்குப் பந்து வீசியவர். சிக்காகோவின் தலைவர் கப் அன்சன் அப்போது பத்தொன்பது வயதில் ரொக்பேர்ட் அணிக்கு ஆடியவர். முதல் ஆட்டம் மே 4இல் நடந்தது. போர்ட் வெய்ன் 2, கிளீவ்லாந்து 0. அந்தக் காலத்தில் ஓட்டங்கள் மழையாகக் கொட்டும். அப்படிப்பட்ட காலத்தின் முதல் ஆட்டம் இத்தனை சிக்கனமாக முடிந்தது எனக்கு இன்றும் வியப்பு.

அந்தப் பருவகாலத்தின் உச்சம் வேறிடத்தில் இருக்கிறது. ஒக்டோபர் 8 இரவு சிக்காகோ நகரம் தீப்பற்றி எரிந்தது. முன்னணியில் நின்ற சிக்காகோ அணியின் மைதானம், சீருடை, சாமான் எல்லாம் சாம்பல். அவர்கள் ஆட்டத்தைக் கைவிடவில்லை. இரவல் சீருடையில், வெளியூர் வெளியூராகப் போய் மிச்ச ஆட்டங்களை ஆடினார்கள். ஒக்டோபர் 30இல் புரூக்ளினில் நடந்த கடைசி ஆட்டத்தில் பிலடெல்பியாவின் அத்லெடிக்ஸ் அணியிடம் 4–1 என்று தோற்றார்கள், கிண்ணம் போயிற்று. இறுதிக் கணக்கு: அத்லெடிக்ஸ் 21 வெற்றி, 7 தோல்வி. பொஸ்டன் 20, 10. சிக்காகோ 19, 9. அடுத்த இரண்டு ஆண்டுகள் சிக்காகோவால் அணியே திரட்ட முடியவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கொழும்பில் இறங்கியது அந்தச் சிக்காகோதான்.

தீ மூளாமல் இருந்திருந்தால்? பொஸ்டனின் ஆகச் சிறந்த வீரர் ஜோர்ஜ் ரைட் காலில் அடிபட்டு அந்தப் பருவகாலத்தின் ஏறக்குறைய பாதியை வெளியே இருந்து பார்க்காமல் ஆடியிருந்தால்? இந்தக் கேள்விகளை மேசையில் வைத்து ஆடிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

◆ பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் புத்தக கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். புத்தகத்தைச் சட்டென்று திறப்போம், பக்க எண்ணின் கடைசி இலக்கம் ஓட்டம், பூச்சியம் வந்தால் ஆட்டமிழப்பு. அதில் முரளிதரனும் ஒன்றுதான், சனத் ஜயசூரியவும் ஒன்றுதான். புத்தகத்துக்கு ஆளைத் தெரியாது. ஆளைத் தெரிந்துகொள்ளும் ஆட்டத்தை அமெரிக்கர்கள் உருவாக்கினார்கள். முன்னாள் வீரர் ஈதன் அலன் 1941இல் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வட்டத் தகடு செய்தார். தகட்டை ஊசியின் கீழ் வைத்து, ஊசியைச் சுழற்றவேண்டும். அந்த வீரர் நிஜத்தில் எத்தனை முறை தூர அடித்தாரோ, தகட்டில் அதற்குரிய பங்கு அத்தனை அகலம். 1951இல் வந்த ‘அப்பா’ ஆட்டத்தில் இரண்டு பகடைகள், 36 விளைவுகள், ஆளுக்கொரு அட்டை. ஹல் ரிச்மன் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஸ்ட்ராட்–ஓ–மற்றிக்’ மூன்று பகடை ஆட்டம். ஒரு பகடையில் 1 முதல் 3 விழுந்தால் துடுப்பாட்டக்காரரின் அட்டையைப் பார்க்கவேண்டும், 4 முதல் 6 என்றால் பந்துவீச்சாளரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகைதான் நடந்ததைச் சொல்லும். ஒரு மோதலின் முடிவு இரண்டு பேர் கையிலும் இருக்கிறது என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய இன்னொரு ஆட்டம் எனக்குத் தெரியாது.

◆ இப்போது கணினி அந்த வேலையைச் செய்கிறது. ‘அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல்’ என்ற மென்பொருளில் 1871 முதல் எந்த ஆண்டையும் எடுத்து, அணிகளை நிரப்பி, பருவகாலம் முழுவதையும் ஓட்டிப் பார்க்கலாம். ஒருமுறை ஓட்டினால் கதை, பலமுறை ஓட்டினால் நிகழ்தகவு. ஒரு வெற்றி வித்தியாசத்தில் முடிந்த 1871ஐப் போன்ற ஓர் ஆண்டு, ஓட்டும் ஒவ்வொரு முறையும் வேறு அணிக்குக் கிண்ணத்தைக் கொடுக்கலாம்.

◆ பத்தொன்பதாம் நூற்றாண்டை ஓட்டுவதில் ஒரு பெரிய இடர் உண்டு: விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறின. 1886 வரை துடுப்பாட்டக்காரர் தனக்குப் பந்து உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று கேட்கலாம். தவறான பந்துகளுக்காக முதல் தளம் இலவசமாகக் கிடைக்க 1879இல் ஒன்பது பந்து தவறவேண்டும். 1889இல்தான் அது நான்காயிற்று. பந்துவீச்சுத் தூரம் 45 அடியாக இருந்தது, 1881இல் 50 ஆனது, 1893இல் இன்றைய 60 அடி 6 அங்குலம். 1887இல் மட்டும் இலவசமாகத் தளம் பெற்றதையும் அடித்த அடியாகவே கணக்கிட்டார்கள். அந்த ஆண்டு டிப் ஓ’நீலின் சராசரி .492 என்று பதிவாயிற்று. இன்றைய முறையில் எண்ணினால் .435. எல்லா ஆண்டுக்கும் ஒரே விதியைப் போட்டு ஓட்டினால் வருவது வரலாறே அல்ல.

◆ 1871இல் களத்தடுப்பாளர்கள் வெறுங்கையால் பந்தைப் பிடித்தார்கள். மைதானம் மேடும் பள்ளமும். ஆகவே அந்த ஆண்டு எடுத்த ஓட்டங்களில் பாதிக்கும் மேல் களத்தடுப்புத் தவறால் வந்தவை. இன்றைய ஆட்டத்தின் எண்களை வைத்துக் கட்டிய மென்பொருள் இந்தத் தவறுகளைக் குறைத்துவிட்டால் ஸ்கோர் சுருங்கிவிடும்.

◆ ஓல்ட் ஹோஸ் ரட்போர்ன் என்ற பந்துவீச்சாளர், 1884இல் பிரொவிடன்ஸ் அணிக்காக ஒரே பருவகாலத்தில் 678 இன்னிங்ஸுக்கு மேல் பந்து வீசினார். கை வலியில் தலைவார முடியாத நிலையிலும் வீசினார் என்று கதை சொல்வார்கள். வெற்றிகள் 59 என்று ஒரு கணக்கு, 60 என்று இன்னொரு கணக்கு. இன்றைய பந்துவீச்சாளர் ஒருவர் 200 இன்னிங்ஸ் வீசினாலே பெரிய காரியம். களைப்பையும் காயத்தையும் இன்றைய அளவில் கணக்கிடும் மென்பொருள் ரட்போர்னை ஜூன் மாதமே படுக்கையில் போட்டுவிடும்.

◆ ஒரே உரிமையாளர்களிடம் இரண்டு அணிகள் இருந்தால் என்ன ஆகும்? கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸின் நல்ல வீரர்களை 1899இல் உரிமையாளர்கள் தங்களுடைய மற்ற அணியான சென் லூயிஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்பைடர்ஸ் 20 வெற்றி, 134 தோல்வி. அடுத்த ஆண்டு அணியே இல்லை.

◆ 1877இல் லூயிவில் அணியின் பந்துவீச்சு முழுவதையும் ஜிம் டெவ்லின் ஒருவரே செய்தார். அவரும் இன்னும் மூவரும் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு வாழ்நாள் முழுவதும் தடைசெய்யப்பட்டார்கள். பகடைக்கு லஞ்சம் கொடுக்க முடியாது. ஆனால் அந்த ஆண்டின் எண்களுக்குள் லஞ்சம் ஏற்கெனவே கலந்திருக்கிறது.

◆ இவ்வளவையும் மறுபடி ஆடிப் பார்க்க முடிவது ஒரு மனிதரால். ஹென்றி சட்விக் இங்கிலாந்தின் எக்ஸ்ரரில் பிறந்து, சிறுவயதில் நியூயோர்க் போய், கிரிக்கெட் செய்தி எழுதி வந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டை அவருக்குக் கைவந்த பழக்கம். அதை பேஸ்போலுக்கு ஏற்றபடி மாற்றி, யார் என்ன செய்தார் என்பதை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கிப் பத்திரிகையில் வெளியிடும் முறையை 1850களின் முடிவில் நிலைநாட்டினார். 1969இல் கணினியின் துணையோடு வெளியான பேஸ்போல் கலைக்களஞ்சியம் முதல் இன்றைய மென்பொருள் வரை எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்தச் சின்னப் பெட்டிதான்.

◆ பெட்டிக்குள் வராதவர்களும் உண்டு. கொழும்பு வந்த அன்சன் கறுப்பின வீரர்கள் இருந்த அணிகளோடு ஆட மறுத்தவர். நிறத்தடை இறுகியதில் அவருக்குப் பெரும் பங்கு. மோசஸ் ஃப்ளீட்வூட் வோக்கர் 1884இல் டொலீடோ அணிக்கு ஆடிய கறுப்பினத்தவர். அதன் பிறகு 1947 வரை பெரிய லீக்குகளின் கதவு மூடியே இருந்தது. அந்த ஆண்டுகளில் கறுப்பினத்தவர் தங்கள் சொந்த லீக்குகளில் ஆடினார்கள். அவர்களுடைய ஸ்கோர்கள் கறுப்பினப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தன. ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்காக நுண்படச் சுருள்களைப் புரட்டி ஒவ்வோர் ஆட்டமாகப் பொறுக்கியெடுத்தார்கள். 2024இல் அந்த எண்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்ந்தபோது, ஜோஷ் கிப்சன் .372 என்ற சராசரியோடு எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் முதலிடம் பெற்றார். அவர் இறந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.

◆ நாங்கள் எல்லே ஆடும்போது ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்கிறோம் அல்லவா? அமெரிக்காவில் 1845இல் எழுதப்பட்ட நிக்கர்பொக்கர் விதிகள் தடைசெய்யும் வரை பேஸ்போலிலும் அப்படித்தான் எறிந்தார்கள். அந்த வகையில் எங்கள் எல்லே 1871ஐவிடவும் பழைய ஆட்டத்துக்கு நெருங்கியது.

◆ இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இரவல் சட்டையில் ஆடித் தோற்ற சிக்காகோக்காரர்களின் 1871ஐ இன்று எவரும் ஓட்டிப் பார்க்கலாம். திருகோணமலையின் மக்கெய்சர் விளையாட்டரங்கில் நடந்த ஒரு பாடசாலைத் துடுப்பாட்டப் பருவகாலத்தையோ, உதைபந்தாட்டத் தொடரையோ, எல்லே போட்டியையோ அப்படி மீட்க எங்களிடம் என்ன இருக்கிறது? போரில் வீடுகளோடு காகிதங்களும் போயின. 2004 டிசெம்பர் 26இல் கடல் மிச்சத்தையும் கொண்டுபோனது. ஆனாலும் எல்லாமே அழியவில்லை. ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர்களின் அலுமாரியிலும், கழகச் செயலாளர்களின் பழைய பெட்டிகளிலும், வெளிநாடு போனவர்கள் கொண்டுபோன பாடசாலை மலர்களிலும் ஸ்கோர்கள் இன்னும் இருக்கும்.

உங்கள் வீட்டில் அப்படியொரு ஸ்கோர் புத்தகம் இருந்தால், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுங்கள். தேதி, மைதானம், இரு அணிகளின் பெயர் இல்லாத பக்கங்களில், நினைவுள்ளவர்களைக் கேட்டு, தனித்தாளில் எழுதிச் சேருங்கள். மூலப் பக்கத்தில் கிறுக்கவேண்டாம். முதலெழுத்தோடு மட்டும் நிற்கும் பெயர்களை முழுப் பெயராக்குங்கள். தோற்ற ஆட்டங்களையும் விடாதீர்கள், பெண்கள் அணிகளின் ஆட்டங்களையும் விடாதீர்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் மின்வடிவில் பாதுகாத்துவரும் நூலகம் நிறுவனத்திடமோ, உங்கள் பாடசாலை நூலகத்திடமோ ஒரு பிரதியைக் கொடுங்கள். இந்த விடுமுறையிலேயே அலுமாரியைத் திறந்து பாருங்கள்.