முட்டையைப் பழிக்க வேண்டாம், எடையைப் பாருங்கள்

“முட்டை, பிராய்லர் கறி சாப்பிட்டுத்தான் மார்புல கட்டி வருதாமே?” நாமக்கல் பக்கம் ஐம்பதைத் தாண்டிய பெண்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முட்டையால் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பிராய்லர் வேகமாக வளர்வதும் இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான், ஹார்மோன் ஊசியால் அல்ல. பயம் தவறான இடத்தில் நிற்கிறது என்பதே என் கவலை. கவனிக்க வேண்டியது, மாதவிலக்கு நின்றபின் உடலில் சேரும் எடையை.

மாதவிலக்கு நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைப் பெரும்பாலும் சுரப்பது சினைப்பை. அது ஓய்ந்தபின் அந்த வேலையை உடலின் கொழுப்பு எடுத்துக்கொள்கிறது. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜனை, கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கொழுப்பு கூடக் கூட அந்த ஹார்மோனும் கூடும். மார்பகச் செல்கள் பெருகத் தூண்டுதலும் கூடும். உடல் பருமனோடு இன்சுலின் அளவும் ஏறுவதால் ஆபத்து மேலும் வளர்கிறது. இளம் வயதில் பருமனுக்கும் இந்த நோய்க்கும் இத்தகைய தொடர்பு காணப்படவில்லை; மாதவிலக்கு நின்ற பிறகே கணக்கு மாறுகிறது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2017-இல் தொகுத்த ஆய்வுகளின்படி, வயதுவந்த பின் கூடும் ஒவ்வொரு 5 கிலோவுக்கும் இந்த ஆபத்து சுமார் 6 சதவீதம் உயர்கிறது.

உணவை மாற்றினால் பலன் உண்டா? அமெரிக்காவில் 1993-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், மாதவிலக்கு நின்ற 48,835 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்து, காய், பழம், தானியத்தைக் கூட்டினார்கள். புதிதாக நோய் வருவது தெளிவாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, அந்தப் பிரிவில் மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 21 சதவீதம் குறைந்திருந்தது. உணவு மந்திரமல்ல. ஆனாலும் வீண் இல்லை.

நம் ஊர்த் தட்டுக்கு வருவோம். சேலம் சேகோ ஆலைகளில் இருந்து வரும் ஜவ்வரிசியும், அதற்கு மூலமான குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) பெரும்பாலும் மாவுச்சத்து. புரதம் மிகக் குறைவு. கிழங்கு கெட்டதென்று சொல்லவில்லை. தறியிலும் காட்டிலும் நாளெல்லாம் உழைத்த உடம்பு அதை எரித்தது. வயதாக வேலை குறைகிறது, சோற்றின் அளவு மட்டும் குறைவதில்லை. வெள்ளைச் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கேழ்வரகுக் களி, கொல்லிமலைச் சாமை, கொள்ளு, தட்டைப்பயறு, கீரை ஆகியவற்றைக் கூட்டினால் நார்ச்சத்தும் புரதமும் கிடைக்கும், வயிறும் நிறையும். அவித்த முட்டைக்கு அதே தட்டில் தாராளமாக இடம் உண்டு. எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் எப்போதாவது போதும். தினமும் நடப்பதும் ஆபத்தைக் குறைக்கும். மது, எந்த அளவானாலும், கூட்டும்.

எல்லாம் சரியாகச் சாப்பிட்டவருக்கும் இந்த நோய் வரலாம். 2022-இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டதாக மதிப்பீடு. வயதும் குடும்ப வரலாறும் நம் கையில் இல்லை, ஆகவே நோயுற்ற பெண்ணிடம் “என்ன சாப்பிட்டே?” என்று யாரும் கேட்க வேண்டாம். அம்மாக்களே, மார்பில் கட்டியோ, காம்பு உள்வாங்குவதோ, காம்பில் ரத்தக் கசிவோ தெரிந்தால், வலியில்லை என்று காத்திருக்காமல் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டிவிடுங்கள்.