தராசு காட்டாத தொப்பை

டீ ஆறுவதற்குள் ஒரு சோதனை. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக மூன்று விரல் வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை மெதுவாக இழுத்தால் துடிப்பு சற்று விரையும், விட்டால் தணியும். நிமிடத்துக்கு 60 என்றால் நொடிக்கு ஒன்று என்று கணக்குப் போடுவோம். ஆனால் ஒரு துடிப்பு 0.95 நொடியில் வரும், அடுத்தது 1.04 நொடியில் வரும். ஸ்மார்ட் வாட்ச் ஹெச்.ஆர்.வி., அதாவது இதயத் துடிப்பு மாறுபாடு, என்று காட்டுவது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

சீராகத் துடித்தால்தானே நல்லது? இல்லை. தொப்பூர் கணவாயில் லாரி இறக்கும் டிரைவர் பிரேக்கை அழுத்தி அழுத்தி விடுவார். வளைவுக்கு வளைவு வேகம் மாறும். இதயத்துக்கு அந்த பிரேக், மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு. அது நன்றாக வேலை செய்தால் இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கும். மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரைப் பற்றி 1987-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 24 மணி நேர மாறுபாடு 50 மில்லிநொடிக்குக் குறைந்தவர்களுக்கு, 100-க்கு மேற்பட்டவர்களைவிட இறப்பு அபாயம் 5.3 மடங்கு. படபடப்பு, தலைசுற்றலோடு தாறுமாறாகத் துடிப்பது வேறு விஷயம். அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த பிரேக்கைத் தளர்த்துவதில் தொப்பைக்கும் பங்கு உண்டு. ஆண்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்வது அதிகம். அது சும்மா கிடக்காது. அழற்சியைக் கிளப்பும், இன்சுலின் வேலையைக் கெடுக்கும், ரத்தத்தில் இன்சுலின் ஏறி, இதயத்தை முடுக்கும் நரம்புகளைத் தூண்டும். வேகஸின் பிடி தளரும். தொப்பை உள்ளவர்களுக்கு மாறுபாடு பொதுவாகக் குறைவாக இருப்பது இதனால்தான்.

எடை பார்த்தால் இந்தக் கொழுப்பு தெரியாது. 2004-ல் லான்செட் இதழில் புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் நம்மூர் ஆளுக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கும்.

பழைய தருமபுரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில், இப்போதைய கிருஷ்ணகிரியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது, வீடு தேடி வந்து பரிசோதிக்கும் தமிழக அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்'. அந்தத் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே தையல் டேப்பையும் எடுங்கள். பேண்ட் சைஸை நம்ப வேண்டாம். அது தொப்பைக்குக் கீழே நிற்பது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு எல்லை 90 செ.மீ.

வாட்ச் காட்டும் ஹெச்.ஆர்.வி. எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீர்கள். வயது ஏறினாலும், ராத்திரி குடித்தாலும், தூக்கம் கெட்டாலும் அது இறங்கும். வேக நடையில் சுற்றளவு குறையக் குறைய, உங்கள் பழைய எண்ணை நீங்களே தாண்டலாம்.