தாத்தாவின் பினாங்கு பிறப்புப் பத்திரம் லண்டனுக்கு வழி திறக்குமா?

ஜார்ஜ்டவுன்: 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் பிரிட்டனின் முதியோரில் பெரும்பாலோர் வெளியேறவும், இளையோரில் பெரும்பாலோர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவும் வாக்களித்தனர். பினாங்கிலும் பிரிட்டிஷ் குடியுரிமை தலைமுறைகளைப் பிரிக்கிறது. இங்கே அதைத் தீர்மானிப்பது பிறந்த தேதி.

மலாய் மாநிலங்களைப் போலன்றி, பினாங்கும் மலாக்காவும் பிரிட்டனின் நேரடி காலனிகளாக இருந்தன. எனவே 31 ஆகஸ்ட் 1957-க்கு முன் இங்கு பிறந்த பலர், மெர்டேக்காவுக்குப் பின் மலாயா குடிமக்களான போதும், பிரிட்டிஷ் சட்டத்தில் தங்கள் பழைய தகுதியை இழக்கவில்லை. 1 ஜனவரி 1983-இல் புதிய சட்டம் நடப்புக்கு வந்ததும் அவர்கள் 'பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமக்கள்', சுருக்கமாக பிஓசி, ஆனார்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா 1950-இல் பட்டர்வொர்த்தில் பிறந்தவர். 1981-இல் பிறந்த அக்காவுக்கு அப்பா வழியே இத்தகுதி இருக்கலாம். 1984-இல் பிறந்த தம்பிக்குப் பொதுவாக இல்லை. பேராக் காலனியாக இல்லாததால், தைப்பிங்கில் பிறந்த பெரியப்பாவுக்கும் பிறந்த ஊரை வைத்து இத்தகுதி கிடைக்காது.

சரி, அக்காவுக்கு என்ன லாபம்? பிரிட்டிஷ் கடப்பிதழ் கிடைக்கும். ஆனால் பிரிட்டனில் குடியேறவோ வேலை செய்யவோ அது உரிமை தராது. ஐரோப்பிய ஒன்றிய உரிமைகளும் பிஓசி-களுக்கு இருந்ததில்லை. எனவே பிரெக்சிட்டால் அவர்கள் பெற்றதும் இல்லை, இழந்ததும் இல்லை.

வேறு எந்தக் குடியுரிமையும் இல்லாத பிஓசி-கள் முழு பிரிட்டிஷ் குடியுரிமை பெற 2002-இல் ஒரு வழி பிறந்தது. அதை நம்பி மலேசியக் குடியுரிமையைத் துறந்தவர்கள் உண்டு. ஆனால் 4 ஜூலை 2002-க்குப் பிறகு வேறு குடியுரிமையைத் துறந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அப்படிச் சிக்கியவர்களுக்கு அங்கே குடியிருக்கும் உரிமையும் இல்லை, இங்கே நீல அடையாள அட்டையும் இல்லை.

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 24-ஆவது பிரிவின்படி, வெளிநாட்டுக் கடப்பிதழுக்கு விண்ணப்பிப்பதே குடியுரிமை பறிபோகக் காரணமாகலாம்.

ஆகவே, "தாத்தா பினாங்குக்காரரா? அது போதும்" என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால் முன்பணம் கட்டிவிடாதீர்கள். பிறப்புப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு, குடியுரிமைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை முதலில் பாருங்கள். குடியுரிமை துறக்கும் பாரத்தில் ஒருமுறை கையெழுத்திட்டால், இழந்ததை மீட்பது எளிதல்ல.