எண்ணுக்குள் ஒரு நிறம்

2022 நவம்பரில் வடிவமைப்பாளர்கள் பலர் தங்கள் பழைய போட்டோஷாப் கோப்புகளைத் திறந்து பார்த்துத் திகைத்தார்கள். பார்த்துப் பார்த்துத் தேர்ந்த நிறங்கள் இருந்த இடமெல்லாம் கறுப்பு. பான்டோன் நிறுவனத்தின் வண்ணத் தொகுப்புகளில் பெரும்பாலானவற்றை அடோபி தன் மென்பொருள்களிலிருந்து எடுத்துவிட்டிருந்தது. அவை வேண்டுமென்றால் பான்டோனுக்குத் தனியே சந்தா கட்ட வேண்டும். செய்து முடித்து, காசும் வாங்கிவிட்ட வேலையின் நிறத்துக்கு வாடகை கேட்பது என்ன நியாயமோ! அது கிடக்கட்டும். ஒரு நிறத்தைச் சேமித்துவிட்டேன் என்று சொல்லும்போது உண்மையில் எதைச் சேமிக்கிறோம்?

எடின்பரோவில் பூக்களை வரைந்துவந்த பாட்ரிக் சைம், 1814இல் இதற்கு ஒரு வழி கண்டார். கனிமங்களை விவரிக்க வெர்னர் என்ற ஜெர்மானியர் வகுத்திருந்த நிறப் பெயர்களை விரிவாக்கி ஒரு புத்தகம் போட்டார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வண்ணத் துண்டு. பக்கத்திலேயே அந்த நிறம் எந்த விலங்கில், எந்தச் செடியில், எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்ற குறிப்பு. பிரஷ்ய நீலம் என்றால், ஆண் காட்டு வாத்தின் இறக்கையில் இருக்கும் திட்டைப் பார்த்துக்கொள்ளலாம். பீகிள் கப்பலில் போன டார்வின், தான் கண்டவற்றின் நிறத்தைக் குறித்துக்கொள்ள இதைத்தான் கையில் வைத்திருந்தார்.

கணினிக்கு வாத்து தேவையில்லை, மூன்று எண்கள் போதும். 255, 153, 51 என்றால் ஒரு காவி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 256 படிகள் என்பதால் மொத்தம் 1,67,77,216 நிறங்கள் கைக்குள். ஆனால் இந்த எண்கள் ‘சிவப்பை இவ்வளவு ஒளிரவிடு, பச்சையை இவ்வளவு’ என்று திரைக்கு இடும் கட்டளை மட்டுமே. யாருடைய சிவப்பு? திரைக்குத் திரை அது மாறும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவுகோலை முன்வைத்தன. எந்த அளவுகோல் என்று குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதி வைப்பது பாதிச் சேமிப்புதான்.

அச்சகத்துக்குப் போனால் கதையே வேறு. திரை ஒளியைக் கூட்டுகிறது. மையோ தாளில் பட்டுத் திரும்பும் ஒளியிலிருந்து கழிக்கிறது. திரையில் பளீரென்ற நீலம் கல்யாணப் பத்திரிகையில் ஊதா கலந்து மங்கி வருவதற்கு அச்சகக்காரரைக் கோபித்துப் பயனில்லை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் அந்த நீலத்தை எட்டவே முடியாது. குறிப்பிட்ட நிறத்தையே தனி மையாகக் கலந்து அடிப்பது ஒரு வழி. அந்தக் கலவைகளுக்கு எண் கொடுத்து, 1963இல் லாரன்ஸ் ஹெர்பர்ட் உருவாக்கியதுதான் பான்டோன் முறை. அந்த மாதிரிப் புத்தகமும் நிரந்தரமில்லை. தாள் பழுக்கும், மை வெளிறும்.

பேலட் உருவாக்குவதிலும் எண்கள் ஏமாற்றும். வழக்கமான வண்ணத் தேர்வுக் கருவியில் பளிச்சிடும் மஞ்சளுக்கும் அடர்நீலத்துக்கும் வெளிச்ச அளவு ஒன்றே: 50 சதவீதம். கண் அப்படிப் பார்ப்பதில்லை. வெள்ளையின் ஒளிர்வை 100 என்று வைத்தால் அந்த மஞ்சள் ஏறக்குறைய 93, நீலம் வெறும் 7. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தைப் படிக்க முடியாமல் போவது இதனால்தான். இணையதளங்களுக்கான அணுகல்தன்மை நெறிமுறை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கிறது. கண் உணரும் வெளிச்சத்தை ஒட்டிக் கணக்கிடும் ‘ஓக்லேப்’ முறையை பியோர்ன் ஒட்டோசன் 2020இல் வெளியிட்டார். இன்று உலாவிகளே அதைப் புரிந்துகொள்கின்றன.

சேமிக்கும்போது ‘சிவப்பு 2’ என்று பெயர் வைப்பதைவிட ‘எச்சரிக்கை’, ‘தலைப்பு’ என்று வேலையைச் சொல்லிப் பெயர் வைப்பது நல்லது. நாளை அந்தச் சிவப்பு ஆரஞ்சானாலும் பெயர் பொய்யாகாது. இல்லஸ்ட்ரேட்டரில் அதை ‘குளோபல்’ ஸ்வாட்ச்சாக வைத்திருந்தால், ஓரிடத்தில் மாற்றினால் போதும், கோப்பு முழுக்க மாறிவிடும். முக்கியமான நிறங்களுக்கு மட்டும் லேப் எண்களையும் சேர்த்து எழுதி வையுங்கள். பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1976இல் வகுத்த அந்த எண்கள் எந்தத் திரையையும் எந்த மையையும் சார்ந்தவை அல்ல. எந்த மென்பொருள் தொகுப்பும் தேவையில்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில்கூட எழுதி வைக்கலாம்.